மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்தால் போதுமா? வேதியியல் வகுப்பையும் கவனிக்க வேண்டும்

எஸ்பிஎம் முடிவு வந்ததும் மெட்ரிகுலேஷன் இடம் பற்றிய பேச்சு நம் சமுதாயத்தில் சூடு பிடிப்பது ஆண்டுதோறும் நடப்பதுதான். 10ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு எனப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2024-இல் அறிவித்தார். ஆனால் இடம் கிடைத்த பிள்ளை உள்ளே எப்படிப் படிக்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

பொந்தியானின் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு மாணவர் அறிவியலைத் தமிழ்ப்பள்ளியில் தமிழிலும், இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலும் மலாயிலும் கற்கிறார். மெட்ரிகுலேஷனில் அதே பாடம் ஆங்கிலத்தில் வருகிறது. பெரிய விரிவுரை மண்டபத்தில் புரியாத இடத்தில் கையை உயர்த்த அவருக்குத் தயக்கம். பலருக்கு ஓராண்டில் முடிந்துவிடும் படிப்பு அது. தயக்கம் தெளிவதற்குள் தேர்வு வந்துவிடும். பல்கலைக்கழகத் துறையை முடிவு செய்வதும் அந்தப் புள்ளிகள்தாம்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. மாணவர்கள் மூவர் நால்வராக அமர்ந்து, ஒரு கேள்வியை விவாதித்து விடை காண, விரிவுரையாளர் குழுக்களிடையே சென்று வழிகாட்டுவார். அமெரிக்கக் கல்லூரி வேதியியல் வகுப்புகளில் 1990-களிலேயே இம்முறை வளர்ந்தது. அறிவியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த அறிக்கையின்படி, விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சுமார் 34 விழுக்காட்டினர் தோல்வி கண்டனர். செயல்வழி கற்றவர்களிடையே அது 22 விழுக்காடு.

நமக்கு இன்னும் முக்கியமானது 2020-இல் அங்கு வெளிவந்த மற்றோர் ஆய்வு. ஏழை, சிறுபான்மை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்ச்சி இடைவெளி இம்முறையால் 45 விழுக்காடு குறைந்தது. ஆனால் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கிய இடங்களில்தான் இடைவெளி சுருங்கியது. பெயருக்கு ஒரு குழு நடவடிக்கை வைப்பதால் பயனில்லை.

பொந்தியான் மண்ணிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. இங்குள்ள கரிமண் நிலம் அமிலத்தன்மை மிக்கது. அதைத் தாங்குவதால்தான் அன்னாசி இங்கே செழிக்கிறது. நடுநிலை நீரின் பிஎச் 7, ஒரு கரிமண் மாதிரியின் பிஎச் 4 என்றால், அமிலம் எத்தனை மடங்கு கூடுதல்? மூன்று மடங்கு என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் மறுப்பார். ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு, ஆகவே ஆயிரம் மடங்கு என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது அது மனத்தில் நிற்கும். தோட்டத்தில் சுண்ணாம்பு போடுவது ஏன் என்பதும் விளங்கும். குழுவில் தடுமாறினால் தமிழிலோ மலாயிலோ கேட்டுத் தெளியவும் வாய்ப்புண்டு.

“வாத்தியார் ஒன்றும் சொல்லித்தரவில்லை” என்று பிள்ளைகள் முதலில் குறைபடலாம். 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளிலும் இதுவே தெரிந்தது. குறைவாகக் கற்றதாக நினைத்த மாணவர்கள் தேர்வில் கூடுதல் புள்ளிகள் பெற்றனர். பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

கல்லூரிகள் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொது இயக்கங்கள் நடத்தும் டியூஷன் வகுப்புகளிலேயே இதைத் தொடங்கலாம். நான்கு நாற்காலியும் ஒரு நல்ல கேள்வியும் போதும். இடங்களுக்காகக் குரல் கொடுக்கும் தலைவர்கள், உள்ளே சென்றவர்களில் எத்தனை பேர் நல்ல புள்ளிகளுடன் வெளியே வந்தார்கள் என்பதையும் இனிக் கேட்க வேண்டும்.