மாளிகை வெடித்தது, இடிந்ததா?



பாலைவனப் பாறையின்மீது பகட்டாக நிற்கிறது ஒரு மாளிகை. இளநங்கை ஒருத்தி அதனை உற்று நோக்குகிறாள். மறுகணம் வெடிக்கிறது மாளிகை! மீண்டும் வெடிக்கிறது, மற்றொரு கோணத்திலே! மேலும் வெடிக்கிறது! ஆடைகள் பறக்கின்றன, தொலைக்காட்சிப் பெட்டி தூளாகிறது, குளிர்பதனப் பெட்டி பிளந்து, உள்ளிருந்த உணவுப் பண்டங்கள் வானிலே மிதக்கின்றன. 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவினரின் ராக் இசை ஓலமிடுகிறது.

'ஜாப்ரிஸ்கி பாயின்ட்' எனும் படத்தின் இறுதிக் காட்சி இது. இத்தாலி நாட்டு இயக்குநர் அன்டோனியோனி அமெரிக்காவிலே எடுத்து, 1970-ல் வெளிவந்த படம். அரை நூற்றாண்டு கடந்தபின் அதனை ஏன் மீண்டும் பார்க்கவேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு, கூறுகிறேன்.

அந்நாள் அமெரிக்காவை எண்ணிப் பாருங்கள். வியட்நாமிலே குண்டுமாரி, கறுப்பின மக்களின் உரிமை முழக்கம், 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் படுகொலை, கல்லூரிகளிலே கொந்தளிப்பு. படமும் மாணவர் கூட்டம் ஒன்றிலேதான் துவங்குகிறது. கறுஞ்சிறுத்தைக் கட்சியின் காத்லீன் கிளீவர் அம்மையாரே அதிலே அமர்ந்திருக்கிறார். உண்மைப் புரட்சிக்காரன் யார் என்று வாதம் வளர்கிறது, வளர்ந்துகொண்டே போகிறது. மார்க் எனும் இளைஞன் எழுகிறான். உயிர்விடத் தயார், ஆனால் சலிப்பினால் உயிர்விட மாட்டேன் என்ற பொருள்படக் கூறிவிட்டு வெளியேறுகிறான்.

தனியே சென்றவன் கண்டதென்ன? துப்பாக்கி வாங்கினான். கல்லூரி மோதலிலே போலீஸ்காரர் ஒருவர் சுடப்பட்டு வீழ, பழி தன்மீது விழுமென்று ஓடினான். சிறு விமானமொன்றைத் திருடிப் பாலைவனம் பறந்தான். டாரியா எனும் பெண்ணைச் சந்தித்தான். மரணப் பள்ளத்தாக்கின் மணல்மேடுகளிலே, ஜெரி கார்சியாவின் கிடார் இசைக்க, காதல் மலர்ந்தது. விமானத்தைத் திருப்பித் தரச் சென்றவனைப் போலீசார் சுட்டுக்கொன்றனர்.

செய்தி கேட்ட டாரியா, தன் முதலாளி தங்கியுள்ள மாளிகைக்குச் செல்கிறாள். அங்கே பாலை நிலத்தைக் கூறுபோட்டு விற்கப் பேரம் நடக்கிறது. அம்மண்ணின் பூர்வகுடிப் பெண்ணோ அங்கே பணிப்பெண்! சீறுகிறது டாரியாவின் உள்ளம். வெடிக்கிறது மாளிகை. எங்கே? அவள் மனத்திலே! மாலைச் சூரியனை நோக்கி அவள் காரிலே செல்கிறாள். மாளிகை அங்கேயே நிற்கிறது, பேரமும் நடக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வெடிப்பைப் படமாக்கப் பணம் தந்தது யார்? எம்.ஜி.எம். எனும் பெரும் பட நிறுவனம்! இளைஞரின் எதிர்ப்பும் விலைபோகும் சரக்கு என்று கணக்கிட்டு, ஏறத்தாழ 70 லட்சம் டாலரைக் கொட்டியது. 17 காமிராக்கள் சூழ்ந்து நின்று வெடிப்பைப் பதிவு செய்தன. முடிவிலே, இயக்குநரின் விருப்பத்துக்கு மாறாக, ஒரு காதற்பாட்டையும் ஒட்டிவைத்தது நிறுவனம். இடிமுழக்கத்துக்குப் பின் தாலாட்டு! எனினும் வசூல், அமெரிக்காவிலே 10 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை.

மார்க்காக நடித்த மார்க் ஃபிரெஷெட் கதை இதனினும் கொடிது. 1973-ல் இரு நண்பருடன் போஸ்டன் நகரிலே வங்கிக் கொள்ளைக்குச் சென்றார். ஒரு நண்பர் போலீசாரால் கொல்லப்பட்டார். அரசியல் எதிர்ப்பு என்றே அச்செயலுக்கு விளக்கம் தந்தார் ஃபிரெஷெட். 1975-ல் சிறைச்சாலையிலே பளுதூக்கும் கருவி கழுத்தை அழுத்த, மாண்டு கிடந்தார், வயது 27. எந்த மாளிகையின் ஒரு செங்கல்லாவது அதனால் பெயர்ந்ததா?

தனியொருவனின் சீற்றம் தீக்குச்சி. சுடர்விடும், கையைச் சுடும், அணையும். இதனைக் கூறி, அமைப்பின் அருமை பெருமையைப் பேசி, நான் முடித்துவிடலாம். நீங்களும் கைதட்டிவிடலாம். ஆனால், தோழர்களே, அது பாதி உண்மை!

மீதிப் பாதி அந்த முதற் காட்சியிலே இருக்கிறது. அவன் கூட்டத்துக்கு வந்தவனல்லவா? நெஞ்சிலே நெருப்புடன் வந்தவனை வெறுங்கையுடன் அனுப்பியது யார் குற்றம்? சொல்லைச் சொல்லால் வெட்டும் விளையாட்டிலே மூழ்கியவர்கள், அவனிடம் ஒரு பணியை ஒப்படைத்தார்களா? உன் எண்ணம் யாது என்று கேட்டார்களா? துப்பாக்கிக் கடைக்காரனுக்கு இருந்த நேரம், தோழனுக்கு இல்லாமற் போயிற்று!

நம் கிளைக் கூட்டங்களிலும் கடைசி வரிசையிலே ஓர் இளைஞன் அமர்ந்திருக்கிறான். மூன்றாவது பேச்சாளர் முதற் பேச்சாளர் சொன்னதையே சொல்லும்போது, அவன் விழி வாயிலை நோக்குகிறது. அவனை அடக்கமற்றவன் என்று ஏசாதீர்கள். பேச்சைச் சுருக்குங்கள், அவனைப் பேசவிடுங்கள், நாளைக் காலையே செய்திட ஒரு வேலையைக் கொடுங்கள்.

கனவிலே வெடிக்கும் மாளிகை கலையாகலாம். அதன் அழகை நான் மறுக்கவில்லை. நனவிலே அநீதியின் அடித்தளம் பெயரவேண்டுமெனில், ஆயிரம் கரங்கள் வேண்டும். அவற்றிலே இரண்டு, வாயிலருகே தயங்கி நிற்கின்றன. சென்று பற்றுங்கள்!