உடல்நலப் பகுதி: பெருத்த புரொஸ்டேட்டும் லேசர் சத்திரசிகிச்சையும்

பூசை நீளும் நாட்களில் வாசலருகே இடம் பார்த்து உட்காரும் பெரியவர்கள் சிலர் உண்டு. தீபாராதனைக்கு முன் இரண்டு தடவை எழுந்து வெளியே போய் வருவார்கள். கேட்டால் "குளிர் நாடுதானே" என்பார்கள். இரவில் நாலைந்து முறை எழும்புவதை மனைவியிடமும் சொல்லமாட்டார்கள். பலருக்குக் காரணம் குளிர் அல்ல. புரொஸ்டேட் சுரப்பி பெருத்திருப்பதுதான்.

ஆண்களுக்கு மட்டுமே உள்ள இச்சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது. ஐம்பது வயதுக்குப் பின் இது பெருப்பது சாதாரணம். பெருத்தால் குழாய் நெரிபடும், சிறுநீர் தாமதித்தும் மெலிந்தும் வரும், முழுவதும் கழியாது. இது புற்றுநோய் அல்ல. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். ஆகவே குடும்ப வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

முதலில் மாத்திரைகள் கொடுப்பார்கள். அவை போதாதபோது, அல்லது சிறுநீர் அடைபடும்போது, சத்திரசிகிச்சை தேவைப்படும். டி.யு.ஆர்.பி. என்னும் பழைய முறையில், சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, மின்சாரத்தால் சுரப்பியைச் சிறுசிறு துண்டுகளாகச் சீவி எடுப்பர். லேசர் கருவியும் அதே வழியாகத்தான் செல்கிறது. வயிற்றில் வெட்டு இல்லை. பச்சை ஒளி லேசர், அடைத்து நிற்கும் சதையை ஆவியாக்கிவிடும். ஹோல்மியம் லேசர், தோடம்பழத்தின் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பதுபோல உட்பகுதியைக் கழற்றிவிடும். 1990களில் நியூசிலாந்தில் வளர்ந்த இம்முறை, மிகப் பெரிய சுரப்பிகளுக்கும் பொருந்தும்.

பலன் எப்படி? பச்சை ஒளி லேசரைப் பழைய முறையுடன் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. சிறுநீர்த் தொல்லை இரு முறையிலும் ஏறக்குறைய ஒரேயளவு குறைந்தது. லேசர் செய்தவர்கள் விரைவில் வீடு திரும்பினர். பிரித்தானியாவின் ஏழு வைத்தியசாலைகளில் 410 ஆண்களைக் கொண்டு தூலியம் லேசரைச் சோதித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு வருடத்தின் பின் நோயாளர் உணர்ந்த நிவாரணம் சமமே. சிறுநீர் பாயும் வேகத்தில் பழைய முறையே சற்று மேலாக இருந்தது. ஆகவே லேசர் நல்ல முறைதான், ஆனால் மந்திரக்கோல் அல்ல. இரத்தப் போக்குக் குறைவு என்பதால், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்போருக்குச் சில லேசர் முறைகள் உகந்தவை. அம்மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

சொல்லத் தயங்கும் விடயம் ஒன்று உண்டு. சிகிச்சைக்குப் பின் பலருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும். லேசரிலும் இது நேரும். உடலுக்குத் தீங்கில்லை, ஆண்மையும் பெரும்பாலும் குறைவதில்லை. ஆயினும் முன்கூட்டி அறியாதவர் மனம் உடைந்துபோகிறார். ஆங்கிலம் தெரியாத தகப்பனுக்கு மகனோ மகளோ மொழிபெயர்க்க வரும்போது, இந்தக் கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். பிள்ளைகள் வெளியே இருக்கட்டும், கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுங்கள்.

கேட்கவேண்டியவை:

1. என் சுரப்பியின் பருமனுக்கு எந்த முறை பொருந்தும்?
2. சிறுநீர்க் குழாயில் இறப்பர்க் குழாய் எத்தனை நாள் இருக்கும்?
3. சிறுநீர் கசியுமா? எவ்வளவு காலத்துக்கு?
4. பின்னர் மீண்டும் சிகிச்சை தேவைப்படுமா?

சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் எரிவும் அவசரமும் சிறிது இரத்தமும் காணப்படலாம். பாரம் தூக்கக் கூடாது. திருவிழாவில் சுவாமி காவுவதை இளைஞர்களிடம் விட்டுவிடலாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுரப்பியின் வெளிப்பகுதி எஞ்சியிருப்பதால் புற்றுநோய்ப் பயம் முற்றாக நீங்கிவிட்டதென எண்ணக் கூடாது.

சளிக்கு எடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அடைக்கக் கூடியவை. வாங்குமுன் மருந்துக்கடையில் விசாரியுங்கள். சிறுநீர் அறவே நின்று வயிறு வலித்தால் விடியும்வரை பொறுக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இது வெட்கப்படும் நோயல்ல. வெட்கத்தால் மறைத்துக் கடைசியில் சிறுநீரகத்தையே கெடுத்துக்கொள்வதுதான் வருந்தத்தக்கது.