ஒரு சொட்டு ரத்தம், நாப்பது டெஸ்ட்

இன்னைக்கு விவசாயம் இல்ல, வீட்டுல நடந்த ஒரு விஷயம்.

போன மாசம் பக்கத்து ஊர் கல்யாண மண்டபத்துல ஒரு முகாம் போட்டாங்க. டிப்டாப்பா நாலு பசங்க, ஒரு சின்னப் பெட்டி, ஒரு டேப்லெட். விரல்ல ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிஷத்துல நாப்பது டெஸ்ட். ஐநூறு ரூவா. எங்க மதினிக்கு எட்டு வருஷமா சீனி வியாதி. ஆசையாப் போய் எடுத்தாங்க. மூணு மாச சராசரி 5.8னு வந்துச்சு. "தம்பி, எனக்கு சீனி போயிருச்சு"ன்னு தாளைக் கொண்டுவந்து காட்டினாங்க. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக் கூடாது.

யார்கிட்டயும் கேக்காம மாத்திரையை நிப்பாட்டிட்டாங்க. மூணாவது வாரம் காலில் ஒரு புண்ணு, ஆறவே இல்ல. ஆஸ்பத்திரியில நரம்புல ரத்தம் எடுத்துப் பார்த்தா 9.6. டாக்டரம்மா போட்ட சத்தம் வெளிய உக்காந்திருந்த எனக்குக் கேட்டுச்சு. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். "அது ஸ்கிரீனிங்தான் சார், கடைசிப் பக்கத்துல போட்டிருக்கோமே"ங்கான். கட்டியிருந்த பேனர்ல அந்த வார்த்தை இல்ல. 'துல்லியம்'னுதான் பெருசா இருந்துச்சு.

புன்னக்காயல்ல தாமிரபரணி கடல்ல சேருது. ஆத்துல தண்ணி குறைஞ்சா எங்க பக்கத்துக் கிணறுகள்ல உப்பு ஏறிரும். அதனால தண்ணியைப் பரிசோதிக்காம வாழை வைக்க மாட்டோம். யாராவது புது மீட்டர் கொண்டு வந்தா, ஒரே தண்ணியை ரெண்டு பாட்டில்ல பிடிப்போம். ஒண்ணு புது மீட்டருக்கு, இன்னொண்ணு பழைய லேபுக்கு. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் மீட்டருக்குக் காசு. வாழைக்கே இவ்வளவு பார்க்கிறோம், மனுஷ உடம்புக்குப் பார்க்க வேண்டாமா?

இதைப் பார்க்காம உலகமே ஏமாந்த கதை ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல எலிசபெத் ஹோம்ஸ்னு ஒரு பொண்ணு, 19 வயசுல காலேஜை விட்டுட்டு 2003ல தெரனோஸ்னு கம்பெனி தொடங்குச்சு. விரல்ல எடுக்கிற சில சொட்டு ரத்தத்துல நூத்துக்கணக்கான டெஸ்ட்னு சொன்னாங்க. கம்பெனி மதிப்பு 900 கோடி டாலர் வரைக்கும் போச்சு. 2015 அக்டோபர்ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் ஜான் கேரிரூ உண்மையை எழுதினார். பெரும்பாலான டெஸ்டை அவங்க மிஷின்ல செய்யவே இல்ல, மத்த கம்பெனி மிஷின்ல ஓட்டியிருக்காங்க. 2016ல ரெண்டு வருஷ எடிசன் மிஷின் ரிப்போர்ட்டுகளை அவங்களே செல்லாதுன்னு சொன்னாங்க. 2022ல ஹோம்ஸுக்கு 11 வருஷம் 3 மாசம் ஜெயில். அதுவும் பணம் போட்ட முதலாளிகளை ஏமாத்துனதுக்கு. நோயாளிகளை ஏமாத்துன குற்றச்சாட்டுல அந்தம்மா விடுதலை. கூட்டாளி பல்வானி மேலதான் அதுவும் நிரூபணமாச்சு.

நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. 2020 ஏப்ரல்ல கொரோனாவுக்கு சீனாவுல இருந்து ரேபிட் கிட் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுக்கு 24,000 கிட். ஒண்ணு 600 ரூவா. இறக்குமதி விலை 245தான்னு டெல்லி ஹைகோர்ட் வழக்குல வெளிய வந்துச்சு. ராஜஸ்தான் டாக்டர்கள் நாங்க ரெண்டு பாட்டில் பிடிக்கிற மாதிரியே செஞ்சாங்க. ஏற்கெனவே கொரோனா உறுதியானவங்ககிட்ட அந்தக் கிட்டை வச்சுப் பார்த்தாங்க. நூத்துக்கு 5.4தான் சரியாச் சொல்லிச்சு. ரத்தத்துல எதிர்ப்பு சக்தி உருவாக நாளாகும், அதனால அந்தக் கிட் நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கே இல்லைன்னும் சொன்னாங்க. சரி, அப்படின்னாலும் இவ்வளவு குறைவா? ஏப்ரல் 27ல ஐசிஎம்ஆர் ரெண்டு சீனக் கம்பெனி கிட்டையும் திருப்பி அனுப்பச் சொல்லிருச்சு. நம்ம அரசும் திருப்பி அனுப்பிருச்சு. பார்த்ததுனாலதான் தப்பிச்சோம்.

விரல் ரத்தமே தப்புன்னு நான் சொல்லல. வீட்டுல வச்சிருக்கிற குளுக்கோமீட்டருக்கு ஒரு சொட்டு போதும். ஏன்னா அது பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு. அதுலயும் லேபோட ஒப்பிட்டா 15 சதவீதம் வரை முன்னப்பின்ன இருக்கலாம்னு உலகத் தரத்துலயே இடம் கொடுத்திருக்காங்க. அதையே நாப்பது டெஸ்டுக்குப் பங்கு வச்சா? விரலை அமுக்கும்போது ரத்தத்தோட சதைநீரும் சேர்ந்து வரும், அது சில அளவுகளையே மாத்திரும்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு செல்போன்ல தினமும் 'ஃபுல் பாடி செக்கப், எண்பது சதவீதம் தள்ளுபடி'ன்னு வரும். வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இந்த மிஷினை நரம்பு ரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்த்தது யாரு? கம்பெனியா, வெளியாளா? அதை எங்க எழுதியிருக்கு? லேபுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருந்தா அது எந்தெந்த டெஸ்டுக்கு? லேபுக்கு மொத்தமாக் கொடுக்கிற சான்று இல்ல அது, டெஸ்ட் வாரியாப் பட்டியல் இருக்கும். பதில் சொல்லத் தயங்கினா எந்திரிச்சு வந்துருங்க.

ரிப்போர்ட் நல்லதா வந்தாலும் சரி, கெட்டதா வந்தாலும் சரி, டாக்டரைக் கேக்காம மாத்திரையைத் தொடாதீங்க.

மதினி புண்ணு இப்போ ஆறிக்கிட்டு வருது. விரல் ஒண்ணும் போகல, கடவுள் புண்ணியம். முகாம் பசங்க அடுத்து வேற ஊருக்குப் போறதாக் கேள்வி. நான் அந்த ஊர்ல தெரிஞ்ச ரெண்டு பேருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்.