ஸ்க்ரூடிரைவர் யார் கையில்?



போன மாதம் காவேரிப்பாக்கத்தில், ஏரிக்கரைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரோபோ போட்டி நடந்தது. பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

தரையில் வெள்ளை ஃப்ளெக்ஸ் விரித்து, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளைத்து வளைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் வண்டி ஓட வேண்டும். பிள்ளைகள் யாரும் ரோபோ என்று சொல்வதில்லை, வண்டிதான். மஞ்சள் நிற மோட்டார் இரண்டு, ஒரு ஆர்டுயினோ பலகை, முன்பக்கம் தரையைப் பார்த்தபடி ஐஆர் சென்சார்கள். வெள்ளைப் பரப்பு அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வண்டி வழி கண்டுபிடிக்கிறது.

பத்து மணி வெயில் கிழக்கு ஜன்னல் வழியே ஃப்ளெக்ஸின் ஒரு மூலையில் வந்து விழுந்தது. அந்த மூலை வந்ததும் ஒரு அணியின் வண்டி கோட்டை விட்டு வெளியே ஓடியது. மூன்று தடவையும் அதே இடம். இரண்டு பையன்கள் லேப்டாப்பில் எதை எதையோ மாற்றிப் பார்த்து முகம் வாடிப்போனார்கள். எதிரணிப் பெண் ஒருத்தி அவர்களிடம் போய்க் குந்தி உட்கார்ந்தாள். “வெயில் அடிக்குதில்ல, அதுலயும் ஐஆர் இருக்கு. சென்சாருக்கு எல்லாமே வெள்ளையாத் தெரியுது. சுத்தி மறைச்சுக் கட்டு” என்று சொல்லித் தன் வண்டியைத் தூக்கிக் காட்டினாள். சென்சாரைச் சுற்றி அட்டைப் பாவாடை ஒன்று கட்டியிருந்தது. ஷூ டப்பாவில் வெட்டிய அட்டை. அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாராம். மிச்ச அட்டையையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

பையன்களின் வண்டி இரண்டு விநாடி முந்தி வந்தது.

“ஏண்டி சொன்ன? ஜெயிச்சிருப்போம்ல?” என்று அவள் தோழி கண் கலங்கிக் கேட்டாள். “தெரிஞ்சும் எப்படிடி சும்மா இருக்கிறது?” என்றாள் இவள். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். கோபித்துக்கொண்ட பெண்ணைத் தப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் உழைத்திருக்கிறாள். ஜெயிக்க வேண்டும் என்ற வேகம் இல்லையென்றால் அந்த வண்டி பாதியிலேயே பெட்டிக்குள் போயிருக்கும்.

போட்டியா உதவியா என்ற இந்தக் கேள்வியை நம் காலத்தில் ஆழமாக யோசித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன். 1989-ல் மாணவர்களுக்காக ஃபர்ஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முழுப்பெயரில் முதலில் வரும் சொல்லே உத்வேகம்தான். இன்னொருவர் எம்ஐடி பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ். தன் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதிரிச் சாமான்களைக் கொடுத்து, எந்திரம் செய்யவைத்து மோதவிட்டவர். 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி விளையாட்டுக் கூடத்தில் 28 அணிகளோடு அவர்கள் ஆரம்பித்த போட்டி இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. விடாமல் மோது, மோதும்போதே எதிராளியை மதி, கேட்டால் உதவு என்பது ஃபிளவர்ஸ் கடைசிவரை சொல்லிவந்த பாடம். 2019-ல் அவர் காலமானார்.

அவர்கள் உபதேசத்தோடு நின்றுவிடவில்லை, விதியையே அப்படி எழுதினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. களத்தில் மூன்று அணி ஒரு பக்கம், மூன்று அணி எதிர்ப்பக்கம். தகுதிச் சுற்றில் இந்த ஆட்டத்தில் கூட்டாளியாக இருப்பவர் அடுத்த ஆட்டத்தில் எதிராளி. பக்கத்து அணியின் பேட்டரி ஒயர் தளர்ந்திருந்தால் ஓடிப்போய் முறுக்கிக் கொடுக்காமல் இருக்க முடியாது. அங்கே மிகப் பெரிய விருதும் களத்தில் ஜெயித்தவருக்கு இல்லை. மற்ற பிள்ளைகளை அறிவியல் பக்கம் இழுத்துவந்த அணிக்குத்தான். நம் பள்ளிப் போட்டிகளில் அந்த அட்டைப் பாவாடைக்கு மார்க் போட ஒரு கட்டம்கூட இல்லை. அன்றைக்கு என் கையில் இருந்த கோப்பைகள் மூன்றும் விநாடிக் கணக்குக்கு உரியவை.

ஆனால் எதிரணிக்கு உதவுவதா வேண்டாமா என்பதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று ஒவ்வொரு அணிக்குள்ளேயும் இருக்கிறது. அன்று காலை முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டி நெருங்க நெருங்க ஸ்க்ரூடிரைவர் ஒரே கையில் நின்றுவிடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வேலை செய்யும், மற்ற நான்கு பேரும் சுற்றி நின்று டேப் கிழித்துக் கொடுப்பார்கள். நேரம் இல்லை, அவன் செய்தால் சீக்கிரம் முடியும் என்று ஆசிரியரும் விட்டுவிடுகிறார். பெண் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் சார்ட்டும் விளக்கவுரையும்தான். சில அணிகளில் ஸ்க்ரூடிரைவர் அப்பாக்களின் கையிலேயே இருந்தது.

நானும் அப்படி நின்றவள்தான். எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் குழு மின் மோட்டார் செய்தது. மூன்று நாளும் சார்ட் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பியை ஒருமுறைகூடத் தொடவில்லை. முதல் பரிசு கிடைத்தது, சான்றிதழில் என் பெயர் இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து மக்களுக்கு, கையால் தொட்டால்தான் வேலை வரும் என்பது புரியாத விஷயமே இல்லை. ஷூ கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்ணைக் கைதேர்ந்தவர் பக்கத்தில் உட்காரவைத்து, கழிவுத் தோலைக் கொடுத்துத் தைக்கச் சொல்வார்கள். மெஷினில் உட்காராமல் தையல் வராது என்று அவர்களுக்குத் தெரியும். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். நம் வேலூர் விஐடியின் ரோவர்எக்ஸ், சென்னை ஐஐடியின் அன்வேஷக் போன்ற கல்லூரி அணிகள் செவ்வாய்க் கிரக வண்டி செய்து அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துப் போட்டிவரை போகின்றன. வருடா வருடம் மூத்தவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். இளையவர்களுக்குக் கைமாற்றவில்லை என்றால் அடுத்த வருடம் அணியே இருக்காது.

இதையே ஆட்டமாக்கிக் காட்டிய போட்டி ஒன்றும் உண்டு. 2014-ல் ஆசிய பசிபிக் நாடுகளின் ரோபோகான் போட்டி புனேயில் நடந்தது. பெற்றோருக்கு வணக்கம் என்பது அந்த வருடக் கரு. ஒரு பெற்றோர் ரோபோ, ஒரு குழந்தை ரோபோ. ஊஞ்சலில் உட்காரவைத்து ஆட்டிவிடுவது பெரியதின் வேலை. கடைசியில் ஏறுகம்பியில் குழந்தை தானாகத்தான் ஏற வேண்டும். அந்தக் கரடுமுரடான இரும்புக் குழந்தை ஏறுவதைப் பார்த்தால் எந்த அப்பாவும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவார்.

நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. பிள்ளைகள் தாங்களே செய்துபார்ப்பதற்கான நிதி ஆயோக்கின் அடல் ஆய்வகத்துக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல் சோதனைகளை நேரடியாகக் கொண்டுபோகிறது. சாமான் வந்துவிட்டது. அதைப் பூட்டிய பீரோவிலிருந்து எடுத்து எத்தனை கைகளில் கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை. ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: போட்டிக்கு முந்தைய வாரம் வண்டியை முழுக்கக் கழற்றி, இதுவரை தொடாத பிள்ளைகளைக் கொண்டு மறுபடி பூட்டச் சொல்லுங்கள். ஒருவேளை இரண்டு விநாடி பிந்தும். பிந்தட்டும்.

பரிசு கொடுத்து முடிந்து வண்டிகளைக் கழற்றும் நேரம். காலையில் கோபித்துக்கொண்டாளே, அந்தப் பெண், அதுவரை பேட்டரி டப்பாவைச் சுமந்துகொண்டு நின்ற ஆறாம் வகுப்புப் பையனிடம் ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள். “இடது பக்கம் திருப்பு. அழுத்திப் புடிச்சுக்கோ, தலை தேஞ்சிடும்” என்றாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பினான். முதல் ஸ்க்ரூ கழன்றதும் உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினான்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஸ்க்ரூடிரைவர் யார் கையில் இருக்கிறது? பிள்ளைகளிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அந்தக் கடிதங்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்