துருக்கி: தோற்ற தீர்மானத்தை மறுபடி கொண்டுவராதீர்கள்

சென்னை, 10 மார்ச் 2003

இராக் மீது தொடுக்கவிருக்கும் போருக்காக 62,000 அமெரிக்கப் படையினரைத் துருக்கி மண்ணில் இறக்க அனுமதி கேட்ட அரசுத் தீர்மானம், மார்ச் 1 அன்று அங்காரா நாடாளுமன்றத்தில் தோற்றது. அந்த முடிவு நிற்க வேண்டும். சொற்களை மாற்றி அதையே மறுபடி சபைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. எண்ணிக்கையைக் கேட்டதும் ஆளுங்கட்சியினர் வென்றுவிட்டதாகவே நினைத்தார்கள். ஆனால் அவைக்கு வந்திருந்த 533 பேரில் பாதிக்கு மேல், அதாவது 267 பேர், ஆதரித்தாக வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டம். மூன்று வாக்குகள் குறைந்தன. இதை வெறும் கணக்குக் கோளாறாகப் பேசுவதை நாங்கள் ஏற்கவில்லை. கட்சித் தலைமை கேட்டுக்கொண்டும் ஆளுங்கட்சியில் ஏறத்தாழ நூறு பேர் ஆதரிக்கவில்லை. அன்று அங்காராவின் சிஹியே சதுக்கத்தில் போர் வேண்டாம் என்று கூடியிருந்த பல்லாயிரம் பேரின் குரல் அவர்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. சர்வதேசச் சட்டம் நியாயமென ஏற்கும் நிலையில்தான் அந்நியப் படையை அனுமதிக்கலாம் என்பது துருக்கி அரசியல் சட்டத்தின் 92ஆம் பிரிவு. ஐ.நா. பாதுகாப்பு மன்றமோ இந்தப் போருக்கு இதுவரை ஒப்புதல் தரவில்லை.

பணத்தின் நெருக்கடி எங்களுக்கும் புரிகிறது. 2001 பொருளாதாரச் சரிவிலிருந்து மீளாத நாட்டுக்கு, அமெரிக்கா தருவதாகச் சொன்ன 600 கோடி டாலர் மானியம் சின்னத் தொகை அல்ல. ஆனால் போன வளைகுடாப் போரின் கணக்கே இன்னும் தீரவில்லை. 1990இல், இராக்கிலிருந்து துருக்கிக்கு வரும் கிர்குக்–யுமுர்தாலிக் எண்ணெய்க் குழாய் மூடப்பட்டது. தென்கிழக்கு மாவட்டங்களில் லாரித் தொழில் படுத்தது.

அதே தீர்மானம் துருக்கிப் படையை வட இராக்குக்கு அனுப்பவும் அனுமதி கேட்டது. இது போதிய அளவு பேசப்படவில்லை. 1988இல் ஹலப்ஜாவில் சதாமின் விஷவாயுவுக்குப் பலியான, 1991இல் பனிமலைகளில் லட்சக்கணக்கில் ஏறித் தப்பிய குர்து மக்கள், எல்லை தாண்டி வரும் துருக்கி ராணுவத்துக்கும் அஞ்சுகிறார்கள். சதாமை நாங்கள் ஆதரிக்கவில்லை. குர்து மக்கள் தலையில் இன்னொரு படையை ஏற்றுவதையும் ஆதரிக்க மாட்டோம்.

தளங்களையும் துறைமுகங்களையும் சீரமைக்க அமெரிக்காவுக்குத் துருக்கி நாடாளுமன்றம் பிப்ரவரி 6 அன்று தந்த அனுமதியையும் திரும்பப் பெற வேண்டும். இஸ்கெந்தருன் துறைமுகத்தில் ராணுவ வண்டிகள் ஏற்கெனவே இறங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் நான்காம் காலாட்படைப் பிரிவின் தளவாடக் கப்பல்கள் கடலில் காத்திருக்கின்றன. வீட்டுக்காரர் சரி சொல்லும் முன்பே சாமான் இறக்கும் காரியம் இது. மார்ச் 5 அன்று தலைமைத் தளபதி ஹில்மி ஓஸ்கோக் தீர்மானத்தை வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். நேற்று சீர்ட் இடைத்தேர்தலில் வென்ற ஆளுங்கட்சித் தலைவர் எர்டோகன் பிரதமராகப் போகிறார். அவர் தளபதி சொல்லைவிடத் தன் சபையின் வாக்கை மதிக்க வேண்டும்.

இந்திய அரசுக்கும் ஒரு கோரிக்கை. 1991இல் வளைகுடா சென்ற அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாயிலும் நம் சென்னையிலும் எரிபொருள் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது நின்றது. இம்முறை அப்படியொரு வேண்டுகோள் வந்தால், அதை நாடாளுமன்றத்தில் வைக்காமல் பதில் சொல்லக் கூடாது.