துர்நாற்றத்துக்கும் அளவு வேண்டும்

நகரத்துச் சாக்கடை ஜலத்தைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கு அருகிலுள்ள கிராமங்களில் துர்நாற்றத்தைப் பற்றிய முறையீடு எழுவது சகஜம். 'தாங்க முடியவில்லை' என்பர் நிலக்காரர். 'அவ்வளவில்லை' என்பர் நிலையத்தார். நெல்லை மரக்காலின்றிக் கண்ணளவாக விற்க எந்தக் குடியானவரும் சம்மதியார். நாற்ற விஷயத்தில் மட்டும் வாய்ச்சொல்லே அளவாக நிற்பது முறையன்று.

காற்றுப் புகாத கழிவு ஜலத்தில் நுண்ணுயிர்கள் ஸல்பேட் உப்புக்களை மாற்றுவதால் ஹைட்ரஜன் ஸல்பைட் என்னும் வாயு உண்டாகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் இதனுடையதே. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருப்பினும் இதை மூக்கு அறியும். 100 பங்கை எட்டினாலோ, சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றதென்று எண்ணிக் குழியில் இறங்குவோர் உயிரிழக்க நேர்வதுண்டு. ஆதலின் மூக்கை மட்டும் நம்பலாகாது.

கருவியை மட்டும் நம்புவதும் போதாது. சாக்கடை நாற்றத்தில் அம்மோனியா, மெர்க்காப்டன் முதலிய பல வாயுக்கள் கலந்துள்ளன; ஒரு வாயுவை அளக்கும் கருவி மற்றவற்றைக் காட்டாது. இதற்கென ஐரோப்பிய நாடுகள் 2003-ல் ஒரு பொது முறையை வகுத்தன. நிலையத்துக் காற்றைப் பையில் பிடித்து, மணமற்ற காற்றைக் கலந்து, முன்பே சோதித்துத் தேர்ந்த சிலரை முகரச் செய்வர். அவர்களுள் பாதிப்பேர் மட்டுமே நாற்றத்தை உணர எத்தனை மடங்கு கலக்க வேண்டுமோ, அதுவே நாற்றத்தின் அளவு.

இச்சோதனையை நாள்தோறும் நடத்துவது செலவுமிக்கது. செலவில்லாத வழியும் ஒன்றுண்டு. கிராம அதிகாரிகள் ஒரு பதிவேடு வைத்து, தேதி, நேரம், காற்று வாடையா தென்றலா என்பது, நாற்றத்தின் தன்மை, 0 முதல் 5 வரை அதன் கடுமை ஆகியவற்றைக் குறிக்கலாம். பின்னிரவில் காற்று அசையாமல் குளிர்ந்து நிலத்தோடு படியும்போது நாற்றம் மிகும். நண்பகலில் வந்து பார்க்கும் பரிசோதகர் அதனைக் காணார்.

குடிகள் மிகைப்படுத்துவர் என்று ஆட்சேபிக்கலாம். நாற்றமில்லாத நாட்களையும் தவறாது குறித்தால் அந்த ஆட்சேபம் நில்லாது. நிலையத்தாரும் தங்கள் வாயுமானிக் கணக்கைக் கிராமத்தாருக்குக் காட்டக் கடமைப்பட்டவராவர். இரண்டு கணக்குகளையும் நேரப்படி ஒப்பிட்டால், கோளாறு ஜலம் வந்து விழும் தொட்டியிலா, கசடு உலர்த்தும் களத்திலா என்று ஆராய வழி பிறக்கும். கூச்சலை ஒதுக்கிவிடலாம், தேதியும் நேரமும் கொண்ட கணக்கை ஒதுக்குதல் எளிதன்று.