விசையைப் பழிக்காதீர், விரலைப் பழக்குவீர்!



நல்ல கருவி வாங்கிக் கொடுத்தால் பிள்ளை தானாகவே வென்றுவிடும் எனும் நம்பிக்கை நம்மிடையே வேரோடிப் போயிருக்கிறது. அதன் பொய்ம்மையைக் காட்டக் கைத்துப்பாக்கியின் விசையை எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியருக்கு எதற்குத் துப்பாக்கி என்பீர்கள். நோய் ஒன்றே, அங்கே அது பளிச்செனத் தெரிகிறது.

அமெரிக்காவில் குறி தவறும் சுடுநர் பலர் முதலில் பழிப்பது, தொழிற்சாலை பொருத்திய விசையைத்தான். 1982-இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்ற கிளாக் 17-இன் விசைக்கு ஏறத்தாழ 2.5 கிலோகிராம் அழுத்தம் தேவை. கனமாக இருக்கிறதென்று சொல்லி, பிறர் விற்கும் இலகுவான விசையை வாங்கிப் பூட்டுகிறார்கள்.

குறி ஏன் தவறுகிறது? வெடியோசைக்கும் பின்னுதைப்புக்கும் அஞ்சி, குண்டு புறப்படும் முன்னரே கை குழல்முனையைக் கீழே தள்ளிவிடுகிறது. குறை மனத்தில், இரும்பில் அன்று! இலகுவான விசை அதைச் சற்று மறைக்கும், போக்காது. போக்குவது, குண்டில்லை என்பதை உறுதிசெய்த துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, முனை அசையாமல் விசையை அழுத்திப் பழகும் அன்றாடப் பயிற்சி. அதற்குப் பணம் வேண்டா, பொறுமை வேண்டும். மேலும், இடுப்பில் சுமக்கும் துப்பாக்கிக்கு விசையின் கனம் ஒரு காவல். அதைக் குறைப்பவர் விபத்தை அருகில் அழைக்கிறார்.

ஒலிம்பிக் 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில் விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பதே விதி. அத்துணை இலகுவான விசை எல்லாருக்கும் வாய்த்த களத்திலும் பதக்கம் சிலருக்கே! 2024 பாரிஸில், துருக்கியின் யூசுப் டிகெச் வழக்கமான மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் இட்டவாறு, கலப்பு இணையர் பிரிவில் வெள்ளி வென்றார். உலகம் அந்த எளிமையை வியந்தது. அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

கருவியே வேண்டா என்று நான் வாதிடவில்லை. 2021-இல் தோக்கியோவில் துப்பாக்கி பழுதானதால் நேரத்தை இழந்த இந்தியாவின் மனு பாக்கர், இறுதிச் சுற்றுக்குச் செல்லவில்லை. பழுதான கருவியை மாற்றத்தான் வேண்டும். பாரிஸில் அவர் பெற்ற இரண்டு வெண்கலங்களையோ எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நம் வீடுகளுக்கு வருவோம். பூப்பந்தில் தோற்றால் விலையுயர்ந்த மட்டை. கணிதத்தில் புள்ளி குறைந்தால் இன்னொரு பயிற்சிநூல். பழைய நூலில் பாதிப் பக்கங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன! ஆசிரியர்களாகிய நாமும் விலக்கல்லர். வாசிக்கத் தடுமாறும் மாணவனுக்கு நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்காமல் புதிய செயலியைத் தேடுகிறோம். தோற்றதும் கருவியை மாற்றக் கற்ற பிள்ளை, தன் குறையைத் தேடக் கற்பதேயில்லை. பணம் போவதைவிட இதுவே பெரிய இழப்பு.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன், இருக்கும் கருவியோடு முப்பது நாள் இடைவிடாது பழகச் செய்வோம். அதன் பின்னும் குறை கருவியில்தான் என்று தெளிந்தால், தாராளமாக வாங்குவோம்.